சாவி யார் கையில்?

நம் வீடுகள் ஒவ்வொன்றிலும் ஒரு பை இருக்கும். பெரும்பாலும் துணிக்கடையில் கொடுத்த பையாக இருக்கும். பீரோவின் மேலோ, கட்டிலுக்கு அடியிலோ அது கிடக்கும். பத்து ஆண்டுகளுக்கு முன் எடுத்த எக்ஸ்ரே படமும், சென்ற மாதத்து இரத்தப் பரிசோதனைத் தாளும், எந்த மருத்துவர் எழுதியது என்றே தெரியாத மருந்துச் சீட்டுகளும் அதற்குள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். வீட்டுப் பெரியவர் ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தால், "பையை எடுத்தாச்சா?" என்ற கேள்விதான் முதலில் எழும். அந்தப் பைதான் நம் குடும்பங்களின் மருத்துவ வரலாறு.

இன்று அந்தப் பை மெல்ல மெல்லக் கைப்பேசிக்குள் புகுந்துகொண்டிருக்கிறது. நான் வாழும் பாலவாக்கம் 2011இல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஒரு பக்கம் மீனவர் குப்பமும் கடலும், மறுபக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓயாத இரைச்சலுமாக இருக்கும் ஊர் இது. இங்கேயும் விடியற்காலையில் ஓர் இளைஞர் ஸ்கூட்டரில் வீட்டுக்கே வந்து இரத்தம் எடுத்துச் செல்கிறார். பிற்பகலுக்குள் முடிவு கைப்பேசியில் வந்து நிற்கிறது. பெரிய மருத்துவமனைகளோ இன்னும் ஒரு படி மேலே சென்று, நோயாளர் ஒவ்வொருவருக்கும் இணையத்தில் ஒரு தனிக் கணக்கே திறந்து கொடுக்கின்றன. பரிசோதனை முடிவு, மருந்துப் பட்டியல், அடுத்து வர வேண்டிய நாள், மாத்திரையை மறுபடி வாங்கும் வசதி, மருத்துவருக்கு ஒரு வரி எழுதிக் கேட்கும் வசதி எல்லாம் அதில் உண்டு. 'பேஷண்ட் போர்ட்டல்' என்பது அதற்கு அவர்கள் இட்ட பெயர். 'ஆஸ்பத்திரி ஆப்' என்பது நம் வீட்டுப் பிள்ளைகள் இட்ட பெயர். நான் இக்கட்டுரையில் அதை 'நோயாளர் வாசல்' என்று சொல்லிக்கொள்கிறேன்.

இந்த வாசல் நமக்கு நன்மை செய்கிறதா? குறிப்பாக, மருத்துவர் எழுதித் தந்த மருந்தை நாள்தோறும் தவறாமல் உட்கொள்ள அது நம்மைத் தூண்டுகிறதா? இதுவே என் மனத்தில் சில காலமாக உழன்றுவரும் வினா.

மருந்தைத் தவறாமல் உட்கொள்வது எளிய செயல் போலத் தோன்றும். ஆனால் அது அத்துணை எளிதன்று. நீண்டகால நோய்களுக்கு மருந்து உண்பவர்களில், வளர்ந்த நாடுகளிலேயே ஏறத்தாழப் பாதிப் பேர்தான் சொன்னபடி உண்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை கூறிற்று. ஏனைய நாடுகளில் நிலைமை அதைவிடக் குறைவு என்றும் அது எச்சரித்தது. காரணம் விளங்காததன்று. பல்வலிக்காரனுக்கு மாத்திரையை எவரும் நினைவூட்ட வேண்டியதில்லை, வலியே நினைவூட்டும். நீரிழிவும் இரத்த அழுத்தமும் அப்படியல்ல. அவை ஓசையின்றி நடப்பவை. இன்று ஒரு மாத்திரையை விட்டால் இன்று ஒன்றும் ஆவதில்லை. பத்து ஆண்டுகள் கழித்துக் கண்ணிலோ, காலிலோ, சிறுநீரகத்திலோதான் கணக்கு வந்து சேர்கிறது.

நோயாளரைப் பற்றிய குறிப்பு எழுதும் வழக்கம் புதிதன்று. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ரே நகரிலும் பக்தாதிலும் மருத்துவம் செய்த அர்ராஸி, தம்மிடம் வந்த நோயாளரின் நிலையையும், தாம் கொடுத்த மருந்தையும், அதன் விளைவையும் விடாது எழுதி வைத்தார். அவர் மறைந்த பின் அக்குறிப்புகளும் தொகுக்கப்பட்டு 'அல்ஹாவி' என்னும் பெருநூலாயின. ஆயினும் அன்றும், அதன் பின் பல நூற்றாண்டுகளிலும், குறிப்பு மருத்துவருக்கு உரியதாகவே இருந்தது. நோயாளர் அதைப் படிக்கலாம் என்று எவரும் எண்ணவில்லை.

அந்தக் கதவை அண்மைக் காலத்தில் திறந்து பார்த்தவர்கள் அமெரிக்க மருத்துவர்கள் சிலர். 2010ஆம் ஆண்டில் பாஸ்டன், பென்சில்வேனியா, சியாட்டில் ஆகிய மூன்று இடங்களில் 105 மருத்துவர்கள், தாங்கள் எழுதும் குறிப்புகளைத் தங்கள் நோயாளர் இணையத்தில் படிக்க இசைந்தார்கள். 13,000க்கும் மேற்பட்ட நோயாளர்களுக்கு அவ்வாய்ப்புக் கிட்டிற்று. 2012இல் வெளியான முடிவு பலரையும் வியக்க வைத்தது. மருந்து உண்பவர்களில், இடத்துக்கு இடம், 100க்கு 60 முதல் 78 பேர் வரை, குறிப்பைப் படித்ததால் மருந்தை முன்னிலும் ஒழுங்காக உண்பதாகச் சொன்னார்கள். குழப்பமோ கவலையோ அடைந்தவர்கள் மிகச் சிலரே. வட கலிபோர்னியாவின் நீரிழிவு நோயாளரிடையே நடந்து 2014இல் வெளியான இன்னோர் ஆய்வு, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை இணைய வழியாகவே மறுபடி மறுபடி வாங்கிக்கொண்டவர்கள் இடைவெளி குறைவாக வாங்கினார்கள் என்றது. பின்னர், 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் விதிகள் 2021 ஏப்ரலில் அந்நாட்டில் நடைமுறைக்கு வந்தன. அன்று முதல், பரிசோதனை முடிவு ஆயத்தமானவுடன் மருத்துவர் பார்க்கும் முன்பே நோயாளர் பார்க்கும் நிலை அங்கே வழக்கமாகிவிட்டது. அப்படிப் பார்த்த 8,000க்கும் மேற்பட்டோரிடம் கேட்டு 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 100க்கு 95 பேருக்கு மேல், "மருத்துவர் பேசும் வரை காத்திருக்க வேண்டாம், உடனே தெரிய வேண்டும்" என்றே விடையளித்தார்கள். ஆனால் முடிவு இயல்புக்கு மாறாக இருந்தவர்களிடையே, பார்த்ததால் கவலை கூடியவர்கள் மிகுதி.

இவற்றைப் படிக்கும்போது ஒரு வேறுபாட்டை நாம் மறக்கலாகாது. அந்நாடுகளில் குறிப்பு மருத்துவமனையின் அலமாரியில் இருந்தது. அதைத் திறந்து காட்டியதே அங்கே புரட்சி. நம் நாட்டிலோ குறிப்பு என்றுமே நோயாளர் கையில்தான் இருந்தது. அரசு மருத்துவமனையில் கொடுத்த நோட்டையும் சீட்டையும் நாம்தாம் சுமந்து திரிந்தோம். மேற்சொன்ன அந்தப் பை அதற்குச் சான்று. தாள் நம்மிடம் இருந்தது. அதை நமக்குப் படித்துச் சொல்லும் வாய்தான் இல்லாமல் இருந்தது. ஆகவே 'திறத்தல்' என்னும் நன்மை அவர்களுக்கு. நமக்கு வேண்டிய நன்மை வேறு. இதை ஏட்டில் படித்து நான் அறியவில்லை. என் வீட்டிலேயே கண்டேன். என் தாயாரின் இசைவோடுதான் இதை எழுதுகிறேன். "எழுது வாப்பா, நாலு பேருக்கு ஆகும்" என்பது அவர்கள் சொல்.

உம்மாவுக்கு இப்போது வயது எழுபத்தெட்டு. கீழக்கரையில் பிறந்து வளர்ந்தவர்கள். பதினைந்து ஆண்டுகளாகப் பாலவாக்கத்தில் என்னோடு இருக்கிறார்கள். நீரிழிவும் இரத்த அழுத்தமும் அவர்களுக்கு நெடுநாளைய துணைகள். தமிழ் எழுத்தைத் தட்டுத் தடுமாறித்தான் படிப்பார்கள். ஆனால் அரபுத்தமிழைத் தண்ணீர்பட்ட பாடாக வாசிப்பார்கள், எழுதவும் செய்வார்கள். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களில் நம் பெண்மக்கள் அரபு எழுத்தில் தமிழை எழுதிப் படித்த மரபு வாசகர்கள் அறிந்ததே. அந்த மரபின் கடைசித் தலைமுறையில் அவர்கள் ஒருவர்.

என் மூத்த சகோதரர், நாங்கள் காக்கா என்று அழைப்பவர், துபாயில் பணியாற்றுகிறார். உம்மாவின் மருத்துவச் செலவை அவரே ஏற்றிருக்கிறார். நகரிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் உம்மாவுக்கு நோயாளர் வாசல் தொடங்கியபோது, பணம் செலுத்துபவர் என்ற முறையில் அவருடைய கைப்பேசி எண்ணே பதிவாயிற்று. நுழைவதற்கான ஓ.டி.பி. எண் அவருக்கே வரும். உம்மாவின் உடலைப் பற்றிய செய்தி கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து துபாய்க்குப் போய், அங்கிருந்து பாலவாக்கத்துக்குத் திரும்பி வரும். வெளிநாட்டுப் பிழைப்பையே வாழ்வாகக் கொண்ட நம் குடும்பங்களில் இந்த ஏற்பாடு அரிதன்று. அதில் பாசம் இருக்கிறது, பொறுப்பும் இருக்கிறது.

ஒரு நாள் இஷாத் தொழுகை முடிந்த நேரத்தில் காக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. அன்று காலை எடுத்த இரத்தத்தில் கிரியாட்டினின் என்னும் அளவு சிவப்பு எழுத்தில் வந்திருந்தது. சிறுநீரகம் எவ்வாறு இயங்குகிறது என்பதைக் காட்டும் அளவு அது. மருத்துவரைக் காண்பதற்கோ இன்னும் ஆறு நாள் இருந்தது. தாயின் பெயருக்கு எதிரே சிவப்பு நிறத்தைக் கண்ட மகன், கடல் கடந்த ஊரில் தனியாக உட்கார்ந்து வேறு என்ன செய்வார்? இணையத்தில் தேடியிருக்கிறார். தேடத் தேட அச்சம் வளர்ந்திருக்கிறது. "உம்மாவோட கிட்னி கெட்டுப்போச்சா தம்பி? அந்தச் சர்க்கரை மாத்திரையாலயா?" என்று கேட்டார். பேசி ஒலிபெருக்கியில் இருந்தது. உம்மா அருகில் இருந்தார்கள். ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போனார்கள்.

ஆறாம் நாள் மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்தார். வயதுக்கு ஏற்ற சிறு உயர்வுதான், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்போம், மருந்தை அப்படியே தொடருங்கள் என்று ஆங்கிலமும் தமிழும் கலந்து என்னிடம் சொன்னார். காக்காவுக்கும் நிம்மதி. அடுத்த மூன்று மாதமும் மாத்திரை குறித்த நாளில் வீடு வந்து சேர்ந்தது. வாசலின் திரையில் ஒவ்வொரு மாதத்துக்கும் எதிரே பச்சை நிறக் குறி விழுந்தது. துபாயிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்கு.

ஆனால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனையில், முன்பு 7.2 ஆக இருந்தது 9.4 ஆக ஏறி நின்றது. அதைக் கண்ட மருத்துவர், அடுத்த சந்திப்பில் மருந்தின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும் என்று சொல்லி அனுப்பினார். அதற்கிடையில் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் அம்மையார் ஒருவர், வழக்கம்போல உம்மாவுக்கு இரத்த அழுத்தம் பார்க்க வந்தார். பார்த்துவிட்டு, "மாத்திரை அட்டையை எடுங்கம்மா, பார்ப்போம்" என்றார். எந்தத் திரையும் கேட்காத கேள்வி அது. உம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு தம் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்கள். சர்க்கரை மாத்திரை அட்டைகள் பிரிக்கப்படாமல் அடுக்காக இருந்தன.

"கிட்னியைக் கெடுக்குற மாத்திரைன்னு மூத்தவன் சொன்னானே. நாளைக்கு என்னை மிஷின்ல போட்டாங்கன்னா, அந்தப் புள்ள எத்தனை நாளைக்குப் பணம் அனுப்பும்?"

இதை அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கு அவ்வாறு சொல்ல மனம் வரவில்லை. அவர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். கிடைத்த செய்தியைக் கொண்டு, தம் உடலைவிடத் தம் பிள்ளையின் பாரத்தைப் பெரிதாக எண்ணிப் போட்ட கணக்கு அது. கணக்கு தவறியது செய்தி அரைகுறையாக வந்ததால். எண் வந்தது; நிறம் வந்தது; பொருள் வரவில்லை.

செய்தியறிந்த மருத்துவர் அளவைக் கூட்டும் எண்ணத்தை விட்டுவிட்டு, நாற்காலியை உம்மாவின் பக்கம் திருப்பிப் போட்டு, தமிழிலேயே பத்து நிமிடம் பேசினார். இந்த மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகத்தின் வலு குறைந்தால் இதன் அளவைக் குறைக்க நேரும் என்பதால்தான் அதைச் சோதித்துப் பார்க்கிறோம். சிறுநீரகத்துக்குப் பகை கட்டுக்கு அடங்காத சர்க்கரையும் அழுத்தமும்தான் என்று விளக்கினார். வீடு திரும்பிய உம்மா ஒரு தாளை எடுத்து, சுபுஹு, லுஹர், மஃரிப், இஷா என்று வக்துகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே 'வெள்ளை வட்டம்', 'மஞ்சள் நீட்டு' என்று மாத்திரைகளின் உருவத்தை அரபுத்தமிழில் குறித்துக் குளிர்பெட்டியின் மேல் ஒட்டினார்கள். 1-0-1 என்ற மருந்துச் சீட்டின் மொழி, அன்றுதான் அவர்களுடைய மொழிக்கு மாறியது. அடுத்த மூன்று மாதத்தில் சர்க்கரை இறங்கிற்று. மருந்து புதிதன்று, அதே மருந்துதான்.

வாங்கிய மருந்து வேறு, விழுங்கிய மருந்து வேறு என்னும் இவ்வுண்மையை உலகுக்கு உரைத்த ஊர்களில் நம் சென்னைக்குச் சிறப்பான இடம் உண்டு. 1956ஆம் ஆண்டு சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பெற்றது. காசநோயாளரைச் சானடோரியத்தில் சேர்த்தால்தான் குணமாகும் என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. சென்னையின் நெருக்கடியான ஏழைக் குடியிருப்புகளிலிருந்து வந்த நோயாளரில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும், மற்றொரு பகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து, ஓராண்டுக் காலம் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959இல் முடிவு வெளியாயிற்று. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தார்கள். நல்ல உணவும் ஓய்வும் குறைவாக இருந்தும் மருந்து தன் வேலையைச் செய்தது. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே அம்முடிவு மாற்றிற்று.

ஆனால் வீட்டில் மருந்து கொடுத்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. செவிலியர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்றார்கள். எஞ்சிய மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போனதா என்று பார்த்தார்கள். நோயாளர் தாமே மருந்தை உண்ணும்போது நேரும் இடர்களைப் பற்றி, அந்நிலையத்தின் பணியை வழிநடத்திய டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் 1958இலேயே எழுதினார். அந்த நிலையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் அதே சேத்துப்பட்டில் இயங்குகிறது.

அதே வினா நம் காலத்தில் கைப்பேசி வடிவில் திரும்பி வந்தது. காசநோய் மாத்திரை அட்டையை ஓர் உறையில் வைத்து, மாத்திரையைப் பிதுக்கி எடுத்தால் மட்டுமே உள்ளே மறைந்திருக்கும் தொலைபேசி எண் தெரியும்படி செய்தார்கள். நோயாளர் அந்த எண்ணுக்குச் செலவில்லாமல் ஓர் அழைப்பு விடுத்தால், அன்றைய மருந்தை உண்டதாகக் கணினியில் பதிவாகும். '99 டாட்ஸ்' என்பது இம்முறையின் பெயர். நம் நாட்டின் காசநோய்த் திட்டத்தில் இது பயன்பட்டது. பின்னர் சென்னை, மும்பை உள்ளிட்ட நகரங்களில் நோயாளரின் சிறுநீரைச் சோதித்து அழைப்புக் கணக்கோடு ஒப்பிட்டார்கள். 2020இல் வெளியான அந்த ஆய்வின்படி இரண்டும் எதிர்பார்த்த அளவு பொருந்தவில்லை. மருந்தை உண்டும் அழைக்காமல் விட்டவர்கள் இருந்தார்கள். அழைப்புப் பதிவாகியிருந்தும் சிறுநீரில் மருந்து தென்படாதவர்களும் இருந்தார்கள். திரையில் விழும் குறி உண்மைக்குச் சாட்சியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உம்மாவின் பச்சைக் குறிகளும் இப்படிப்பட்டவையே.

தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இதற்கு வேறு வழியைக் காட்டுகிறது. நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளை மகளிர் தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டு சென்று கொடுக்கிறார்கள். அங்கேயும் கணினிப் பதிவு உண்டு. ஆனால் பதிவுக்கு முன்னால் ஒரு முகம் வருகிறது. கதவைத் தட்டி, "போன மாத மாத்திரை தீர்ந்ததா?" என்று நம் மொழியில் கேட்கும் முகம். 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருது ஒன்று இத்திட்டத்துக்குக் கிடைத்தது. எங்கள் தெருச் செவிலியர் அம்மையாருக்கு எவரும் விருது தரவில்லை. ஆயினும் இரண்டும் ஒரே வேலை.

இனி, சாவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாத்திரைச் செய்தி வெளிப்பட்ட பின் உம்மா என் மனைவியிடம் இன்னொன்றையும் சொன்னார்கள். பெண்களுக்கே உரிய ஒரு சங்கடத்தை மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று பல நாள் எண்ணியும் சொல்லவில்லையாம். "சொன்னா எழுதுவாங்க, எழுதினா மூத்தவன் பார்ப்பான்" என்பதே காரணம். அது என்ன சங்கடம் என்பதை இங்கே எழுதப் போவதில்லை, அது அவர்களுடையது. ஆனால் அந்தச் சொல்லில் பெரிய செய்தி ஒன்று இருக்கிறது. குறிப்பை யார் பார்ப்பார் என்ற அச்சம் இருந்தால், நோயாளர் உண்மையைக் குறைத்துச் சொல்வார். உண்மை குறைந்தால் மருத்துவமும் குறையும்.

பிறர் நம்பி ஒப்படைத்ததை நாம் அமானிதம் என்கிறோம். பணமும் நகையும் மட்டுமா அமானிதம்? ஒருவருடைய நோயும் அமானிதமே. இதைச் சட்டமும் ஒருவாறு உணர்ந்திருக்கிறது. 2021 செப்டம்பர் 27ஆம் நாள் நாடெங்கும் விரிவாக்கப்பட்ட 'ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன்' திட்டத்தில், விரும்பியவர்கள் 14 இலக்கங்கள் கொண்ட 'ஆபா' எண் பெறலாம். வெவ்வேறு மருத்துவமனைகளில் உள்ள குறிப்புகளை அந்த எண்ணோடு இணைக்கலாம். ஆனால் ஒரு மருத்துவர் அதைப் பார்க்க வேண்டுமாயின் நோயாளர் இசைய வேண்டும். எந்தக் குறிப்பை, எத்தனை காலத்துக்கு என்று வரையறுத்து இசையலாம். இசைந்ததைத் திரும்பப் பெறவும் செய்யலாம். 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இசைவையே அடிப்படையாக வைத்துப் பேசுகிறது. காகிதத்தில் ஏற்பாடு நன்று. ஆனால் இசைவு கேட்கும் எண் மகனின் கைப்பேசிக்குப் போகுமானால், இசைபவர் யார்? தாயா, மகனா? இவ்வினாவைச் சட்டத்தால் தீர்க்க இயலாது. வீடுதான் தீர்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அதைத் தீர்த்தவர் காக்காவே. விடுமுறையில் வந்தபோது, உம்மாவுக்கு ஒரு கைப்பேசி வாங்கிக் கொடுத்து, வாசலின் எண்ணை அதற்கு மாற்றினார். "இனிமே நீங்க காட்டுறதை நான் பார்க்கிறேன் உம்மா" என்றார். முடிவு வரும் நாளில் என் மகள் உம்மாவின் பக்கத்தில் அமர்ந்து தமிழில் படித்துச் சொல்கிறாள். எதைத் துபாய்க்கு அனுப்புவது, எதை மருத்துவரிடம் மட்டும் கேட்பது என்பதை உம்மா முடிவு செய்கிறார்கள். அந்தச் சங்கடத்தையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டார்கள் என்று என் மனைவி வழியாக அறிந்தேன்.

இதையெல்லாம் எழுதுவதால் நோயாளர் வாசலை நான் பழிக்கிறேன் என்று எவரும் கருதிவிட வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகளின் காகிதங்கள் நனைந்து கூழாயின. கைப்பேசிக் கணக்கில் இருந்தால் அவை அழிந்திரா. நள்ளிரவில் மயங்கி விழுந்தவரை வேறு மருத்துவமனைக்குக் கொண்டு போனால், அவர் உண்ணும் மருந்து எது, ஒவ்வாத மருந்து எது என்பதை அந்தக் கணமே காட்டலாம். ஒரே மருந்தை இரு பெயர்களில் இருவர் எழுதித் தருவதைக் கண்டுபிடிக்கலாம். நம் மக்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. ரமலான் மாதத்தில் சர்க்கரை நோயாளர் பலர் எவரையும் கேளாமல் மாத்திரையின் வேளையைத் தாமே மாற்றிக்கொள்கிறார்கள். சிலர் ஒரு மாதம் நிறுத்தியும் விடுகிறார்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருப்பதை அறிந்தும், நோன்பை விட மனமில்லாத முதியோர் நம் வீடுதோறும் இருக்கிறார்கள். ஷஃபானிலேயே வாசல் வழியாக மருத்துவருக்கு ஒரு வரி எழுதி, நோன்பு நோற்கலாமா, நோற்பதானால் சஹருக்கு எது, நோன்பு திறந்த பின் எது, அளவு எவ்வளவு என்று கேட்டுப் பெற்றுவிடலாம். சென்ற ஷஃபானில் உம்மா அப்படித்தான் கேட்டார்கள். உம்மா சொல்ல என் மகள் எழுதினாள்.

எனவே நம் குடும்பங்களுக்கு நான் வேண்டுவன சிலவே. பெரியவர்களின் பெயரில் வாசல் திறக்கும்போது, இயன்றவரை அவர்களுடைய எண்ணையே கொடுங்கள். இயலாவிடில், யார் பார்க்கலாம் என்பதையேனும் அவர்களிடம் கேளுங்கள். முடிவு சிவப்பாக வந்தால், மருத்துவர் பேசும் முன் அதன் பொருளை நீங்கள் பேசாதீர்கள். பொறுக்க முடியாவிட்டால் மருத்துவமனைக்கே எழுதிக் கேளுங்கள். மாத்திரை வந்து சேர்ந்ததைக் கண்டு நிறைவடையாமல், மாதம் ஒரு முறை அட்டையை வாங்கிப் பாருங்கள். அதட்டலாக அன்று, அன்பாக. மருத்துவரிடம் செல்லும்போது, "அவங்ககிட்டயே சொல்லுங்க டாக்டர்" என்று நாற்காலியைப் பெரியவரின் பக்கம் திருப்பச் சொல்லுங்கள்.

பையாக இருந்தாலும் வாசலாக இருந்தாலும் அதற்குள் இருப்பது ஒரு மனித உயிரின் கதை. அக்கதையை, அதற்கு உரியவரே முதலில் கேட்க வேண்டும். அவருக்குத் தெரிந்த மொழியில் கேட்க வேண்டும். அதற்கு அருகில் அமர ஒருவர் வேண்டும். அந்த ஒருவராக இருக்க நமக்குப் பத்து நிமிடம் போதும்.